உப்புப் பார்த்த நாக்கு

தடாலென்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து பெரிய பாத்திரம் ஒன்று தரையில் உருண்டு, தன்னைத்தானே சுற்றிச் சுற்றி, கடைசியில் சுவரில் மோதி அடங்கிய ஓசை. சாப்பாட்டுக் கூடத்தில் நேற்றுப் பிடித்த மீனின் நீளத்தைக் கையால் அளந்து காட்டிக்கொண்டிருந்த தூண்டில்காரர்கள், விரித்த கையை மடக்க மறந்து சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

பின்கட்டுக் கொட்டகையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த விடுதிக்காரனின் தங்கை, மீன் டாக்டர், கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி ஒரு குளம். நல்லவேளை, கொதிக்காத தண்ணீர்.

"வழுக்கிடுச்சா அண்ணி?"

"வழுக்கல. கால் இருக்குன்னு நெனச்சு ஊனினேன். அது அங்க இல்ல" என்றாள் அண்ணி. அதைச் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அண்ணன் வந்து அவளைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தான். ஏரிக்கரையில் அந்த விடுதியை அவன் நடத்துகிறான் என்று பெயர்தானே தவிர, அது நடப்பது அண்ணியின் கைப்பக்குவத்தில். எங்கெங்கிருந்தோ தூண்டிலும் கையுமாக வருகிறவர்கள் பகலெல்லாம் படகில் காய்ந்துவிட்டு இருட்டும்போது இங்கே வந்து உட்காருவது அவளுடைய மீன் உருண்டைக்காகத்தான். மீன் கிடைக்காத நாளில்கூட அதைத் தின்றுவிட்டு, பிடித்த மாதிரி திருப்தியோடு போவார்கள்.

அந்தக் கால்கள் போன குளிர்காலத்திலிருந்தே சரியில்லை. முதலில் விரல் நுனியில் மரத்துப் போயிற்று. பிறகு பஞ்சின் மேல் நடப்பது போல் இருக்கிறது என்றாள். மாடிப்படியில் மூச்சு வாங்கியது. விளக்கை அணைத்தால் சுவரைப் பிடிக்காமல் நிற்க முடியவில்லை. நகரத்து எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பின் இடுப்புப் பகுதியில் தேய்மானம், நரம்பை அழுத்துகிறது, அறுத்துச் சரிசெய்ய வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை ஆபரேஷன்.

நாள் முழுக்க நின்று நின்று சமைத்த இடுப்பு தேயாமல் என்ன செய்யும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். மீன் டாக்டரும்தான்.

அவள் இந்த முறை பிறந்த வீட்டுக்கு வந்தது விருந்தாளியாக அல்ல. ஏரி ஒரு கை போல நிலத்துக்குள் நீண்டிருக்கும் இந்தக் கைப்பகுதியில் பிடிபடும் மீன்களில் புழு அதிகமாக இருக்கிறது என்று தூண்டில்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்து, அது ஆய்வுக்கூடம் வரை போய், அங்கே மீன் நோய்களை ஆராய்கிற அவளையே அனுப்பி வைத்தார்கள். வந்த அன்றே அவளுக்குப் பட்டப்பெயர் சூட்டியாகிவிட்டது. புழு டாக்டர். தூண்டிலுக்குப் புழு தீர்ந்தால் இனிமேல் கடைக்குப் போக வேண்டாம், டாக்டரம்மாவிடம் கேட்டால் போதும் என்று படகுக்காரர் ஒருவர் சொல்ல, கூடமே சிரித்தது. அவளும் சிரித்துவைத்தாள்.

இப்போது அண்ணியைக் கட்டிலில் படுக்க வைத்து, சூடாகக் குடிக்கக் கொஞ்சம் சூப் கொடுத்தாள். அண்ணி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நாளாகச் சூடு பட்டாலே நாக்கு எரிகிறதாம்.

"எங்க, நாக்கை நீட்டுங்க."

"நான் என்ன மீனா?"

"மீனுக்கு நாக்கை நீட்டத் தெரியாது. நீட்டுங்க."

அண்ணி நீட்டினாள். நாக்கு வழவழவென்று, அறுத்த இறைச்சி போலச் சிவந்திருந்தது. மேலே இருக்க வேண்டிய சொரசொரப்பு ஒரு துளி இல்லை. மீன் டாக்டர் அவளுடைய கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்பக்கம் காகிதம் போல வெளுத்திருந்தது.

அவள் கொட்டகைக்குத் திரும்பி வந்தாள்.

மேசையில் பாதி அறுத்த மீன் கிடந்தது. வாத்து அலகு போல் நீண்ட மூக்கும், வாய் நிறைய ஊசிப் பல்லும் உள்ள வேட்டை மீன். ஏரிக்காரர்கள் அதைப் பல்லன் என்பார்கள். ஒரு பல்லனைக் கரையேற்ற அரை நாள் மல்லுக்கட்டியதாகச் சொல்லிக்கொள்வதற்காகவே மனிதர்கள் அவ்வளவு தூரம் வருகிறார்கள். அதன் முதுகுச் சதையில், விளக்கு வெளிச்சத்தில், வெள்ளை நூல் துண்டு போல ஒன்று மெல்லச் சுருங்கி நீண்டது.

நாடாப்புழுவின் குஞ்சு. மீனுக்குள் இருக்கும்வரை அது வளராது, காத்திருக்கும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும். உறைபெட்டியில் நாள்கணக்கில் கல்லாக உறைந்தாலும் செத்துவிடும். வேகாத, உறையாத சதையோடு ஒரு மனித வயிற்றுக்குள் போய்விட்டாலோ, குடலில் ஒட்டிக்கொண்டு ஆள் உயரத்தைத் தாண்டி வளரும். வலிக்காது. தொந்தரவு தராது. சாப்பாட்டில் உள்ள பி-12 சத்தை மட்டும் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்து போனால் ரத்தம் வெளுக்கும். நாக்கு வழவழப்பாகும். கடைசியில் நரம்பு போகும். முதலில் கால்.

புழு மனிதனுக்குள் இருந்து இடுகிற முட்டை கழிவுநீரோடு ஏரிக்குப் போனால்தான் அடுத்த மீனுக்குப் புழு. விடுதியின் கழிவுநீர்க் குழாய் எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்தக் கைப்பகுதியின் பல்லன்களில் மட்டும் ஏன் இத்தனை புழு என்று கண்டுபிடிக்க வந்தவள், பதிலை இப்போதுதான் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் முகம் கறுத்துவிட்டது.

"மெதுவா பேசு. கூடத்துல ஆள் இருக்கு" என்றான். "சமைக்கிறவ வயித்துல புழுன்னு வெளிய தெரிஞ்சா, நாளைக்கு ஒருத்தன் இந்த வாசப்படி ஏறுவானா? எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டாரு, குட்டி. நீ மீனைப் பாரு."

அவன் கெட்டவன் இல்லை. மனைவியின் செருப்பு காலில் நிற்காமல் கழன்று கழன்று விழுகிறது என்று வார்கள் தைத்துக் கொடுத்தவன். ஆனால் பயம் வந்தால் அவனுக்குக் காது அடைத்துவிடும்.

எலும்பு டாக்டருக்கு அவளே போன் செய்தாள். அவர் மரியாதையாகத்தான் பேசினார். மலத்தை ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாமே, ரத்தத்தில் அந்தச் சத்து எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கலாமே என்றாள். பார்க்கலாம்தான், ஆனால் அந்தம்மா பச்சை மீன் சாப்பிடுகிறவரா என்று கேட்டார். இல்லையென்கிறார்கள் என்றாள் இவள். அப்படியானால் புழு எந்த வழியாக உள்ளே போயிருக்கும் என்று அவர் கேட்டார். கையில் தேய்மானப் படம் இருக்கிறது, நோயாளியின் வீட்டாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அவர் எதை நம்பித் தள்ளிப்போடுவார்?

கடைசியில் சோதனைக் குப்பியோடு அண்ணியிடமே போனாள். விஷயத்தைச் சொன்னதும் அண்ணி குப்பியைத் தள்ளிவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணியும்.

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த அடுப்பு என்னோடது. ஒருநாள் அரைவேக்காடா ஒரு துண்டு இங்கிருந்து வெளிய போயிருக்கா? நான் தின்னுருக்கேனா? பச்சை மீன் தின்கிற வயிறுன்னு என்னைப் பாத்தா தெரியுதா உனக்கு?"

"உங்களைத் தப்பா சொல்லல அண்ணி."

"பின்ன யாரை சொல்ற? போ, போய்ப் படுத்துக்கோ. வெள்ளிக்கிழமை அறுத்துட்டு வந்தப்புறம் எல்லாம் சரியாயிடும்."

மீன் டாக்டருக்குத் தூக்கம் வரவில்லை. முதுகெலும்பை அறுத்துத் திறந்து மூடிவிடுவார்கள். புழு உள்ளேயே இருக்கும். நரம்பு போனது போனதுதான், திரும்பி வராத ஒரு கட்டத்தை அது தாண்டிவிட்டால் என்ன மருந்து கொடுத்தும் பலனில்லை. அண்ணி அதற்கப்புறம் எழுந்து நிற்கப் போவதில்லை. இதெல்லாம் தெரிந்துகொண்டு அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழம் வாங்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும்.

மறுநாள் தூண்டில் போட்டி. கூட்டம் நெரிந்தது. அடுப்படிப் பக்கம் வரவே கூடாது என்று அண்ணன் சொன்னதை அண்ணி காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயரமான முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மீன் டாக்டர் எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். உரிக்கிற சாக்கில் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

விடியலில் பிடித்த பல்லன்கள் வந்து இறங்கின. உறைபெட்டிக்குப் போன மீன் எங்கள் சட்டிக்கு வராது என்று அண்ணன் விருந்தாளிகளிடம் பெருமை அடிப்பது அவள் காதில் விழுந்தது. பாத்திரம் கழுவுகிற அம்மாள் மீனைக் கழுவி, முள்ளெடுத்து, இயந்திரத்தில் கொடுத்து அரைத்தாள். வெளிர் நிறத்தில் ஒரு அண்டா நிறைய மீன் விழுது. அண்ணி அதில் மிளகுத்தூளும் வெங்காயமும் முட்டையும் சேர்த்து முழங்கை வரை விட்டுப் பிசைந்தாள். பிசைகிற கைக்கு இன்னும் வலு இருந்தது. உப்பைத் தூவினாள். ஒரு விரல் நுனி விழுதை எடுத்து வாயில் வைத்தாள். கண்ணை மூடி யோசித்தாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. இன்னும் கொஞ்சம் உப்பு. பிசைந்தாள். மறுபடி ஒரு விரல் நுனி. மறுபடி தொண்டை ஏறி இறங்கியது. சரி என்று தலையை ஆட்டிக்கொண்டு உருட்ட ஆரம்பித்தாள்.

மீன் டாக்டரின் கை வெங்காயத்தில் நின்றுவிட்டது. இந்தச் சமையலறையில் வளர்ந்தவள் அவள். இதே காட்சியை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பாள்! கதவு திறக்கிற மாதிரி, தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, பார்த்தும் பார்க்காத ஒன்று.

"அண்ணி, இப்ப வாயில என்ன போட்டீங்க?"

"எதைப் போட்டேன்? ஒண்ணும் போடலையே."

"விரல்ல எடுத்து வச்சீங்களே."

"அதுவா? உப்புப் பாத்தேன்."

"அது வேகாத மீன்தானே?"

அண்ணி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். விளக்கெரியும்போது விளக்கு எங்கே என்று கேட்கிறவளைப் பார்க்கிற பார்வை. "உருட்டி வேகவச்சப்புறம் உப்பு பத்தலைன்னா உள்ள எப்படிப் போடறது? பச்சையாத்தான் பாக்கணும். இதைப் போய் சாப்பிடறதுன்னு யாராவது சொல்வாங்களா? இது உப்புப் பாக்கறது."

அவள் பொய் சொல்லவில்லை. பச்சை மீன் சாப்பிட்டதே இல்லை என்று யார் கேட்டிருந்தாலும் அதையே சொல்லியிருப்பாள், மனதறிந்து. நாள் தவறாமல் இரண்டு விரல் நுனி. அது அவள் கணக்கில் சாப்பாடே இல்லை.

மீன் டாக்டர் எழுந்து போய்க் கையளவு கண்ணாடித் தகடுகள் இரண்டைக் கொண்டுவந்தாள். அண்டாவிலிருந்து கொஞ்சம் விழுதை எடுத்து ஒன்றின் மேல் வைத்து, மற்றதால் அழுத்திப் பரப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவையும் இல்லை. மூன்றாவது தடவை, அரைபடும்போது எப்படியோ தப்பித்த ஒன்று, அரிசிமணி அளவில், கண்ணாடிக்கு நடுவே வெள்ளையாக நெளிந்து சுருண்டது.

அண்ணி அதை வெகு நேரம் பார்த்தாள். கையில் ஒட்டியிருந்த விழுது காய்ந்துகொண்டிருந்தது.

"வந்து சாப்பிட்டவங்க?" என்றாள் கடைசியில். "அத்தனை பேரும்? குழந்தைங்க எல்லாம் வந்திருக்கே."

"வெந்தா செத்துடும் அண்ணி. நீங்க ஒருநாளும் அரைவேக்காடா குடுத்ததில்ல. அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

அண்ணி கண்ணை மூடித் திறந்தாள். தன்னைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "அந்தக் குப்பி எங்க?" என்றாள்.

குப்பியை ஆய்வுக்கூடத்துக்கு அண்ணனே காரில் கொண்டு போனான். நுண்ணோக்கியில் முட்டைகள் மூடி போட்ட சிமிழ் மாதிரி குவியலாகத் தெரிந்தன. ரத்தத்தில் அந்தச் சத்து அடிமட்டத்தில் கிடந்தது. எலும்பு டாக்டர் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டு, நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். எந்த வழியாகப் போயிருக்கும் என்று கேட்டாரே, அவருக்கு மீன் டாக்டர் பதிலைச் சொன்னாள். என் சம்சாரமும் அப்படித்தான் உப்புப் பார்ப்பாள் என்று அவர் சொன்னார்.

மாத்திரை ஒரே வேளை. புழு போயிற்று. பி-12 ஊசி மட்டும் மாதக்கணக்கில் போட வேண்டும் என்றார்கள். அண்ணன் விடுதி வாசலில் பலகை மாட்டி மூடிவிட்டு, ஆள் வைத்துக் கழிவுநீர்க் குழாயைத் தோண்டினான். தெரிந்த விஷயம்தான் என்றாலும், அது நேராக ஏரிக்குள் போய் வாயைத் திறந்துகொண்டிருந்ததைக் கண்ணெதிரே பார்த்ததும், அந்த மண்மேட்டிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்தவன், பிறகு தானே படகுத்துறைக்குப் போய் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னான். புழு டாக்டர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த படகுக்காரர் அதன் பிறகு அவளை அப்படிக் கூப்பிடவில்லை.

படி ஏறும்போது மூச்சு வாங்குவது நின்றது. நாக்கில் எரிச்சல் அடங்கியது. முகத்தில் ரத்தம் ஊறியது. கால்தான் மெல்ல வந்தது. இடது பாதம் வந்தது, வலது பாதத்தில் பாதி வரவில்லை. வந்தவரைக்கும் லாபம், மீதி வருமென்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்று நரம்பு டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். அண்ணி காலையில் எழுந்ததும் தையல் ஊசியால் வலது கால் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். தொட்டுவிட்டு ஊசியை நூல்கண்டில் குத்தி வைத்துவிடுவாள். யாரும் என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்கள்.

மீன் டாக்டர் அதற்குள் ஏரியைச் சுற்றியுள்ள விடுதிகளுக்கெல்லாம் போய் வந்தாள். ஆய்வுக்கூடம் அனுப்பியது பாதி, தன் மனம் அனுப்பியது பாதி. சமைக்கிறவர்களிடம் உட்கார்ந்து பேசினாள். மீனை உறைய வையுங்கள், பச்சையாக உப்புப் பார்க்காதீர்கள், ஒரு உருண்டையை முதலில் வேகவைத்துப் பாருங்கள் என்று சொன்னாள். சிலர் கேட்டுக்கொண்டார்கள். சிலர் கேட்டுக்கொண்ட மாதிரி தலையாட்டினார்கள். சம்மதித்தவர்களின் குப்பிகளையெல்லாம் சோதித்தாள். ஒன்றில்கூட முட்டை இல்லை.

அது அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று மாலை அண்ணியின் காலடியில் உட்கார்ந்து, மரத்துப்போன பாதத்துக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே அதைச் சொன்னாள். அண்ணன் வெளியே விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எல்லாருமே பச்சையாத்தான் உப்புப் பாக்கறாங்க அண்ணி. அதே ஏரி, அதே மீன். ஆனா ஒருத்தர்கூட முழுங்கறதில்ல. நாக்குல வச்சுப் பாத்துட்டுத் துப்பிடறாங்க. கேட்டா, முழுங்கினா ருசி குழம்பிடும்னு சொல்றாங்க."

"ஆமா, துப்பிடுவாங்க" என்றாள் அண்ணி.

"உங்களுக்குத் தெரியுமா அது?"

அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே ஏரி சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. கரையோரம் ஒரு மீன் துள்ளி விழுந்த வட்டம் பெரிதாகிப் பெரிதாகி மறைந்தது.

"நீங்க மட்டும் ஏன் முழுங்கினீங்க?"

"விடு. போனது போகட்டும்."

"இல்ல அண்ணி, எனக்குத் தெரிஞ்சாகணும். மத்தவங்களுக்குச் சொல்றதுக்கும் வேணும். எங்கம்மா அப்படிப் பழக்கினாங்களா? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

அண்ணி காலை மெல்ல இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அது உடனே வரவில்லை. பிறகு குனிந்து, எண்ணெய்க் கை என்றும் பார்க்காமல், நாத்தனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. ஒளித்து வைத்த ஒன்றைத் திருப்பிக் கொடுக்கிற தயக்கம்தான் இருந்தது.

"வந்த புதுசுல நானும் துப்பிட்டுத்தான் இருந்தேன், படிக்கற எடத்துலேர்ந்து லீவுக்கு வந்த நீதான், எல்லாரும் நிக்கறப்ப, 'சமைக்கிற எடத்துல துப்பாதீங்க அண்ணி, கிருமி பரவும், அசிங்கம்'னு சொன்ன."